காணாமல் போனவளின் வருகைப் பதிவு

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுப்பது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். கொடுத்துவிட்டுப் படியிறங்கிய பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபத்தாறு வருடம் தொழிலாளர் நல அலுவலராக இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை வருடத்தில் போலீசுக்குப் போன நாட்கள் நிறைய. கேட்டில் அடிதடி, ஹாஸ்டலில் செல்போன் திருட்டு, பஸ் மோதியது. பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒரு பதினேழு நாள் மட்டும் மறக்கவில்லை. அந்தப் பதினேழு நாளில் நான் சரியாகச் செய்தவை மூன்றோ நாலோதான். தவறாகச் செய்தவை அதற்கு மேல். இரண்டையும் சொல்கிறேன், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் இருந்த கம்பெனி அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் நடுவே. எண்ணூறு பேர் வேலை செய்தார்கள். பாதிப்பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அதில் சுமித்ரா என்ற பெண், ஒடிசாக்காரி, செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்துப் பார்த்து, ஓட்டை, தையல் விடுபட்டது எல்லாம் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. இருபத்துமூன்று வயது. அதிகம் பேசமாட்டாள். இடது புருவத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவிநாசி கடைவீதிக்குப் போனவள் ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. திங்கட்கிழமை காலையில் வார்டன் வந்து சொன்னார். போன் அணைந்திருந்தது. பெட்டி, துணிமணி எல்லாம் கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தன.

நான் முதலாளியிடம் போனேன். கெட்ட மனிதர் அல்ல. பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து வந்து, நாலு தையல் மெஷினில் ஆரம்பித்தவர்.

"ஏனுங்க மேடம், ஊருக்குப் போயிருக்குமுங்க. இந்தப் புள்ளைங்க சொல்லாம கொள்ளாம ரயில் ஏறிப்போடுதுங்க. ரெண்டு நாள் பாத்துட்டுப் போவமுங்களே" என்றார்.

நானும் சரி என்றேன். அது முதல் தவறு. ஒரு நாள் முழுதாகப் போனது. பின்னால் கடைவீதியில் கேமராப் பதிவு கேட்டபோது, முக்கியமான ஒரு கடையில் அதற்கு முந்தைய நாள்தான் அந்தப் பதிவு அழிந்து புதிது ஏறியிருந்தது. ஆள் காணவில்லை என்றால் இத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் காவல் நிலையம் போனேன். புகாரை வாங்கியவர் அங்கே எழுத்தராக இருந்த ஏட்டையா. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தன. நான் தட்டச்சு செய்து கொண்டுபோன ஒன்றரைப் பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

"இதுல கம்பெனியப் பத்தித்தான் இருக்கு, அந்தப் பிள்ளையப் பத்தி ஒண்ணுமில்லயே மேடம். என்ன நிறத்துல துணி உடுத்தியிருந்தா? என்ன செருப்பு? உடம்புல என்ன அடையாளம்? கடைசியா யார்ட்டப் பேசுனா? அத எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதினேன். தழும்பைப் பற்றி எழுதும்போதுதான் அது இடது புருவமா வலது புருவமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த முகம். போட்டோவை எடுத்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

ரசீது கொடுத்தார். மாலையில் எப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலும் வந்தது. நகல் இலவசம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது ஏட்டையா சொன்னார்: "ஒரு நோட்டு போடுங்க மேடம். இன்னையிலேர்ந்து யாரு வந்தா, யாரு போன் பண்ணுனா, என்ன சொன்னா, எத்தன மணிக்கு, எல்லாத்தையும் எழுதி வையுங்க. முக்கியமா இல்லையான்னு நீங்க பாக்காதீங்க. அத நாங்க பாத்துக்கிடுதோம்."

அன்று திரும்பி வரும் வழியில் பூண்டியில் சிற்பக்கூடங்களைத் தாண்டி வந்தேன். சாலை ஓரத்தில் வரிசையாகச் சிலைகள். மூக்கும் வாயும் செதுக்கி முடித்து, கண் மட்டும் இன்னும் திறக்காத முகங்கள். எத்தனையோ வருடம் அந்த வழியாகப் போய் வந்தவள்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் போலீஸ் ஹாஸ்டலுக்கு வந்தது. சுமித்ராவின் அறையில் இருந்த ஐந்து பெண்களுக்கும் ஒடியாவும் கொஞ்சம் இந்தியும்தான் தெரியும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

இந்த ஏஜென்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்து பெண்களை எங்களுக்குக் கூட்டி வந்தவன் அவன்தான். பத்து வருடமாக இங்கே இருந்து, நம்மைப்போலவே தமிழ் பேசுவான். கண்ணியமாக நடந்துகொள்வான். சுமித்ரா காணவில்லை என்றதும் முதலில் ஓடி வந்தது அவன்தான். என் அறையில் உட்கார்ந்து டீ குடிக்காமல் கண் கலங்கினான். சுமித்ராவின் கோப்பில் வீட்டு எண் என்று இருந்தது அவனுடைய எண்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஊட்டுக்கு நானே சொல்லிப்போட்டனுங்க மேடம். அவங்க ஐயன் அழுவறாருங்க. நீங்க பேச வேண்டாமுங்க, பாசை புரியாம இன்னும் பயந்துக்குவாங்க" என்றான்.

'குடும்பத்துக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று நோட்டில் எழுதி ஒரு கோடும் போட்டேன்.

அந்தப் பெண்களிடம் போலீஸ் கேட்டதை அவன் கேட்டான். அவர்கள் சொன்னதை அவன் சொன்னான். 'ஒன்றும் தெரியாது, சண்டை இல்லை, பயம் இல்லை.' ஐந்து பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். பதில் சொல்லும்போது ஒருத்திகூடப் போலீசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. ஐந்து பேரும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வித்தியாசமாகத்தான் பட்டது. ஆனால் நோட்டில் எழுதவில்லை.

பிறகு ஒரு வாரம் நடந்தவை, புகார் கொடுத்த எல்லோருக்கும் நடப்பவை. 'காணவில்லை' நோட்டீஸில் காவல் நிலைய எண்ணோடு என் எண்ணும் போட்டார்கள். அது வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போனது. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று ஒருவர் கூப்பிட்டார். அதே நேரத்தில் கோவையில் பார்த்தேன் என்று இன்னொருவர். இருவருமே அவள் சிரித்ததாகச் சொன்னார்கள். சுமித்ரா சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பேசாத அழைப்பும் ஒன்று வந்தது. பகல் பதினொன்றரை இருக்கும். எடுத்து "சொல்லுங்க" என்றேன். பதில் இல்லை. பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். எங்கள் கம்பெனிக்குள் இருந்துதான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து தையல் பகுதிக்குள் போய்ப் பார்த்தேன். மெஷின்கள் நின்றிருந்தன. எங்களுக்கு அது டீ இடைவேளை. ஆளில்லாத நூற்றைம்பது மெஷின்களுக்கு நடுவே நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க, போனுக்குள் மட்டும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு இணைப்பு அறுந்தது. இரண்டு நாள் கழித்து அதே எண்ணிலிருந்து மறுபடியும். அப்போதும் பேச்சில்லை. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. எண்ணையும் நேரத்தையும் நோட்டில் எழுதினேன். எழுதும்போதே அபத்தமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் ஏட்டையா கூப்பிட்டார். பொங்கலூர் அருகே வாய்க்காலில் ஒரு பெண் உடல். வயது ஒத்துப்போகிறது, வந்து பார்க்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவர் என்னை நிறுத்தினார். "உள்ள போனா சீக்கிரம் வெளிய வரணும்னு தோணும். அதுக்காக 'இல்ல'ன்னு சொல்லிரக்கூடாது. இந்த அலைச்சல் முடிஞ்சாப் போதும்னு தோணும். அதுக்காக 'ஆமா'ன்னும் சொல்லிரக்கூடாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அதுல ஒண்ணும் கேவலமில்ல."

தண்ணீரில் கிடந்த முகம். எந்த முகமாகவும் இருக்கலாம் போலிருந்தது. உயரம் அதேதான். முடியும் அதே நீளம். நான் புருவத்தை மட்டும் பார்த்தேன். இரண்டு புருவமும் முழுதாக இருந்தன. மறுபடி குனிந்து பார்த்தேன். தழும்பு இல்லை.

"இல்லைங்க" என்றேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மனதுக்குள் வந்தது நிம்மதிதான், மறைக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது.

"இந்தப் பொண்ணைத் தேடி யாரு வந்தாங்க?"

"யாரும் வரல மேடம். எந்த ஸ்டேஷன்லயும் புகார் இல்ல" என்றார் ஏட்டையா.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. டைம் ஆபீசில் வருகைப் பதிவு பார்க்கும் குமரேசன் ஒரு தாளோடு என் அறைக்கு வந்தான். நாற்பது வயதுக்காரன், சாதாரணமாக எதற்கும் பதறாதவன். கதவைச் சாத்திவிட்டுத் தாளை மேஜையில் வைத்தான்.

"மேடம், சுமித்ரா காலையில எட்டு இருபத்தஞ்சுக்கு உள்ள வந்திருக்குதுங்க."

எங்கள் கம்பெனியில் கைரேகை மெஷினை எடுத்துவிட்டு, முகம் பார்த்து வருகையைப் பதியும் மெஷின் வைத்திருந்தார்கள். உள்ளே வரும் நடைபாதைச் சுவரில் இருக்கும். முன்னால் நின்றால் நம் பெயரையும், பதிவு செய்தபோது எடுத்த போட்டோவையும் காட்டி, பெண் குரலில் 'தேங்க் யூ' என்று சொல்லும்.

"வேற யாராச்சும் இருக்கும்" என்றேன்.

"நேத்தும் வந்திருக்குதுங்க. செவ்வாக்கிழமையும் வந்திருக்குதுங்க. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு வெளிய போயிருக்குதுங்க. அதும் ஒருவாட்டி இல்லீங்க மேடம். ஒவ்வொரு தடவையும் மூணுவாட்டி, நாலுவாட்டி பதிஞ்சிருக்குதுங்க. ஒரே நிமிசத்துக்குள்ள."

செக்கிங் பிரிவுக்கு ஓடினேன். அவள் மேஜை காலியாகத்தான் இருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. நடைபாதைக் கேமராவில் அந்த நேரத்தைப் போட்டுப் பார்த்தோம். கேமரா வாசலுக்கு மேலே இருந்தது. தலைத் தொப்பியும் முகமூடியும் போட்ட நூறு தலைகள் மேலிருந்து தெரிந்தன. எது யாருடையது என்று சொல்ல வழியில்லை.

இப்படிப்பட்ட செய்தியை ஒரு கம்பெனிக்குள் மறைக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செத்தவள் வேலைக்கு வருகிறாள் என்றார்கள். அவள் செத்துவிட்டாள் என்று அதற்குள் முடிவே செய்துவிட்டிருந்தார்கள். சாயங்காலம் பெண்கள் மெஷினைப் பார்க்காமல், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவரின் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அவர்களுக்காகத் தனியாக ஒரு கையெழுத்து நோட்டு வைக்க வேண்டியதாயிற்று. யாரோ மெஷினுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு நான் டைம் ஆபீசுக்குள் இருந்தேன். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே 'தேங்க் யூ' என்று நாலு முறை கேட்டது. நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் நடைபாதையில் முதுகுகள்தான் இருந்தன. திரும்பி வந்து பார்த்தால், கம்ப்யூட்டரில் சுமித்ராவின் பெயர் நாலு வரியில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அந்தப் பேர அழிச்சுப்போடுங்க குமரேசா. இத்தன நாளு பதிஞ்சதையும் சேத்து எடுத்துப்போடுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மேடம், யோசன பண்ணிப்பாருங்க. புள்ளயக் காணம்னு நாமதான் போலீசுல எழுதிக் குடுத்திருக்கறோம். நம்ம மெஷினே தினமும் வந்துட்டுப் போவுதுன்னு சொன்னா, நம்மள என்னன்னு நெனப்பாங்க? பொய்ப் புகார்னு கேசு போட மாட்டாங்களா? அடுத்த வாரம் வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வர்றானுங்க. எண்ணூறு பேரு சோறு திங்கற எடமுங்க இது."

அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. என் பெயரில்தான் புகார் இருந்தது. பொய் என்று ஆனால் முதலில் நிற்கப்போவது நான்தான். அழித்துவிட்டால் அச்சமும் நின்றுவிடும், வேலையும் நடக்கும். குமரேசன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் 'சரி' என்று தலையசைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த 'சரி' நாக்கு நுனி வரை வந்ததை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

"அது என்னன்னு எனக்கும் தெரியலைங்க" என்றேன். "தெரியாத ஒண்ணை அழிச்சுட்டா, அப்புறம் யார் கேட்டாலும் நம்மகிட்டப் பதில் இருக்காதுங்க. போலீசுக்கு நானே சொல்லிடறேன். என்ன வந்தாலும் என் பேருலதானுங்களே புகார் இருக்குது."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "பாத்துச் செய்யுங்க" என்றார் கடைசியில்.

ஏட்டையாவுக்குப் போன் செய்தேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"எதையும் அழிச்சீயளா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"நல்லது. நாளைக்குக் காலையில நான் வாரேன். யூனிபார்ம்ல வரல. யார்ட்டயும் சொல்லாதீங்க. அந்த ஏஜென்ட் பயலுக்கும் சொல்ல வேண்டாம்."

"ஏங்க?"

"காரணம் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? இப்பம் யாருக்கும் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு அவரும் நானும் குமரேசனும் டைம் ஆபீசுக்குள் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடித் தடுப்பு வழியாக மெஷின் மூன்று அடி தூரத்தில் தெரியும். வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாது. பெண்கள் வந்தார்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பேச்சே இல்லை. எண்ணூறு பேர் நடக்கும் பாதையில் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

எட்டு இருபத்துநாலுக்குக் கூட்டம் குறைந்தது. பாதை காலியானது. அப்போது ஒரு பெண் தனியாக வந்தாள். பாக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட்காரர்கள் கூட்டி வரும் ஆட்கள் போடும் மஞ்சள் ஏப்ரன். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த மெஷினில் பதிவே கிடையாது. அவர்கள் அதன் முன் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

அவள் நின்றாள். முன்னும் பின்னும் பார்த்தாள். முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கி, முகத்தை மெஷினுக்குக் காட்டினாள்.

அது சுமித்ரா. என் கை குமரேசனின் தோளைப் பிடித்துக்கொண்டது. அதே நெற்றி, அதே மூக்கு, அதே மெலிந்த கன்னம். திரையில் பெயர் வந்தது. கூடவே சுமித்ராவின் போட்டோவும். 'தேங்க் யூ.'

திரை அணைந்தது. அவள் நகரவில்லை. மறுபடியும் முகத்தைக் காட்டினாள். மறுபடியும் போட்டோ. 'தேங்க் யூ.' மூன்றாவது முறை போட்டோ வந்தபோது அவள் விரலை நீட்டி அந்தப் போட்டோவின் கன்னத்தைத் தொட்டாள். அப்போதுதான் நான் பார்த்தேன். போட்டோவில் இருந்த புருவத்தில் தழும்பு இருந்தது. எதிரே நின்றவளின் புருவத்தில் இல்லை.

ஏட்டையா கதவைத் திறக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நான் மட்டும் வெளியே போனேன். அவள் சட்டென்று முகமூடியை ஏற்றிக்கொண்டாள். ஓடவில்லை. திரையைக் காட்டி "மோ அபா" என்றாள். எனக்கு அது 'அப்பா' என்று கேட்டது. புரியாமல் நின்றேன். அவள் இந்தியில் "தீதி, மேரி தீதி" என்றாள். அக்கா. அவர்கள் மொழியில் அக்காவுக்கு அபா.

அவள் பெயர் ஜமுனா. அக்காவைவிட ஒரு வயது சின்னவள்.

இந்த முறை மொழிபெயர்க்க ஏஜென்டைக் கூப்பிடவில்லை. கோவையில் கல்லூரியில் வேலை பார்க்கும் ஓர் ஒடியாப் பெண்மணியை ஏட்டையாவே தேடிக் கூட்டி வந்தார். எங்களுக்குத் தெரிய வேண்டியது எல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பேசும் அக்கா அந்த ஞாயிறு பேசவில்லை, பிறகு போனும் எடுக்கவில்லை என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஏஜென்டைக் கேட்டதற்கு, அவள் யாருடனோ ஓடிவிட்டாள், தேடி வந்தால் குடும்பத்துக்குத்தான் அவமானம் என்றிருக்கிறான். அக்காவின் அடையாள அட்டைப் போட்டோவில் இருந்த கம்பெனிப் பெயரை வைத்துக்கொண்டு, இங்கே ஆள் அனுப்பும் வேறொரு கான்ட்ராக்ட்காரரின் கூட்டத்தோடு ஜமுனா ரயில் ஏறிவிட்டாள். ஏஜென்ட் பக்கத்து ஊர்க்காரன். முகம் தெரிந்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். முதல் நாள் கூட்டத்தோடு கூட்டமாக மெஷின் முன்னால் நின்றபோது, அதில் அக்காவின் முகம் வந்திருக்கிறது. அதன் பிறகு அந்த முகத்தைப் பார்க்கத்தான் காலையும் மாலையும் முகமூடியை இறக்கியிருக்கிறாள்.

"எங்ககிட்ட வந்து கேட்டிருக்கலாமே?" என்று நான் கேட்டதை அந்தப் பெண்மணி ஒடியாவில் சொன்னார். பதிலைக் கேட்டுவிட்டுச் சற்றுத் தயங்கித்தான் தமிழில் சொன்னார்.

"நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்னு சொல்றாங்க. நீங்க புகார் கொடுத்திருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது."

ஜமுனா இன்னொன்றும் சொன்னாள். கடைசி ஞாயிறு அக்கா பேசியபோது, ஏஜென்ட் தன்னிடம் தவறாக நடக்கிறான், ஆதாரை வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டுகிறான், இங்கே வேலை பார்த்துவிட்டுப் போன ஒரு தோழியிடம் போய்விடலாமா என்று யோசிக்கிறேன் என்றாளாம். தோழியின் பெயரும் சொன்னாள். ஏட்டையா என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பேசாத அந்த அழைப்பின் எண்ணில் விரலை வைத்தார்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"யாரும் பேசவே இல்லைங்களே."

"எழுதுனா மட்டும் போதாது மேடம். அப்பப்பம் கொண்டுவந்து காட்டணும்" என்றார். நோட்டை மூடிவிட்டு, "அந்தப் பயல மொழிபெயர்க்க விட்டது ஒங்க தப்பு மட்டுமில்ல. நானும்தான் பக்கத்துல இருந்தேன்" என்றார்.

அந்த எண் வேறொரு மாவட்டத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்தத் தோழியுடையதுதான். பதினேழாம் நாள் போலீஸ் சுமித்ராவைக் கண்டுபிடித்தது. உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல். மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தாள். ஜமுனாவை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏஜென்ட் மேல் தனி வழக்குப் பதிவானது. அவன் இல்லாத இடத்தில் கேட்டபோது, ஹாஸ்டலில் அந்த ஐந்து பெண்களும் பேசினார்கள். அவர்களில் இரண்டு பேருக்கும் அதே கதைதான்.

நான் பார்க்க வேண்டும் என்றேன். ஏட்டையா மறுத்துவிட்டார்.

"அவ மேஜர். கம்பெனிக்கு எடத்தச் சொல்ல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா. கெடச்சிட்டா, நல்லாயிருக்கா. ஒங்களுக்குச் சொல்லக்கூடியது அவ்வளவுதான் மேடம்."

இதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். புகார் உங்களுடையதாக இருக்கலாம். கிடைத்தவள் உங்களுடையவள் அல்ல. பெட்டி, துணிமணியைக் கட்டி ஸ்டேஷனில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். ஹாஸ்டலில் இருந்த எல்லாப் பெண்களின் வீட்டு எண்ணையும் மறுபடி நானே கூப்பிட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு எண்களை ஏஜென்ட்கள்தான் எடுத்தார்கள்.

ஏஜென்ட் வழக்கில் சாட்சி சொல்லச் சம்மன் வந்தபோது நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கம்பெனி மாறினாலும், வேலையே விட்டாலும் சாட்சி நீங்கள்தான். அதனால் நோட்டின் நகலை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், கெட்டிக்காரர்.

"காணவில்லை என்று புகார் கொடுத்தீர்கள். அதே நாட்களில் அவர் வேலைக்கு வந்ததாக உங்கள் கம்பெனி மெஷின் சொல்கிறது. இரண்டில் எது பொய்?"

"இரண்டுமே பொய் இல்லைங்க" என்றேன். நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னேன். பதிவுகள் முழுதாக இருந்தன. ஒரு வரிகூட அழிக்கப்படவில்லை என்று குமரேசனும் சாட்சி சொன்னான். சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஏஜென்டுக்குத் தண்டனை கிடைத்தது என்று ஏட்டையா போனில் சொன்னார். அப்போது அவரும் ஓய்வு பெற்றிருந்தார்.

சாட்சி சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தேன். "மேடம், நல்லாருக்கீங்களா?" என்று ஒரு குரல். சுமித்ரா. பக்கத்தில் ஜமுனா. சுமித்ரா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தமிழ் முன்னைவிட நன்றாக வந்தது.

"எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் சுமித்ரா" என்றேன்.

"பண்ணேன் மேடம், ரெண்டுவாட்டி. உங்க குரலைக் கேட்டதும் பேச்சு வரல."

"ஏன்?"

"நான் தொலைஞ்சு போகணும்னுதான் போனேன். வீட்டுக்குப் பேசினாக்கூட ஏஜென்டுக்குத் தெரிஞ்சுடும்னு பேசல. யாரும் தேட மாட்டாங்கன்னு நினைச்சேன். நோட்டீஸ்ல என் போட்டோவைப் பாத்து ரெண்டு நாள் சோறு எறங்கல."

"நாங்க நல்லதுக்குத்தானே தேடினோம்."

"அது இப்பத் தெரியுது மேடம்" என்றாள். "அப்ப, யாரோ என்னைத் தேடறாங்கன்னு மட்டும்தான் தெரிஞ்சுது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் கிளம்பினார்கள். எந்த ஊர் பஸ் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸின் ஜன்னலில் இரண்டு முகங்களும் ஒன்றாகத் தெரிந்தன. பஸ் நகரும்போது ஒருத்தி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அது யார் என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. நானும் கையைத் தூக்கினேன்.